ரைன் ஆற்றுப் பாலம் வருவதற்குள்: பிள்ளைகளுக்குக் கிறிஸ்தோபர் கதை சொல்வது எப்படி

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜெர்மனியில் டோர்ட்முண்டிலிருந்து கேவலார் மாதாவிடம் தமிழர் யாத்திரைக்குப் போகிறோம். மருமகன் கார் ஓட்டுவார், நான் பின்னால் மூன்று பேரப்பிள்ளைகளோடு இருப்பேன். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் கதையை அந்தப் பாதையில்தான் சொல்லுவேன். முதல் வருடம் பிழையாகிவிட்டது. கதையில் ஆறு வருவதற்கு முதலே கார் ரைன் ஆற்றைக் கடந்துவிட்டது. இப்போது எனக்குக் கணக்குத் தெரியும். என்னைப் போன்ற அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முதல்நாளே தொடங்கிவிடுங்கள். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தொகுத்த புனிதர் வரலாறு கிறிஸ்தோபரின் உயரம் 12 முழம் என்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முழம் என்றால் என்னவென்று தெரியாது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை என்று காட்டி, தகப்பனின் கையால் தரையில் அளக்க விடுங்கள். 12 முழம் ஏறக்குறைய 18 அடி. எங்கள் ஹோலில் ஒன்பதாவது முழத்தில் சுவர் வந்துவிட்டது. கதவைத் திறந்து மிச்ச மூன்றையும் மாடிப்படி வாசலில் அளந்தோம். மூத்த பேரன் ஆனா எழுதக்கூட அப்படிக் குனிந்ததில்லை.

அப்புறம் ஒரு புத்தகப் பை வேண்டும். பெரியவன் சின்னவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து வாசல் வரை நடக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் தோளில் தொங்கும் பையில் ஒரு புத்தகம் போடுங்கள். நாலாவது சுற்றில் அவன் கால் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படும்.

காரில் ஏறியதும் பழைய பெயரோடு தொடங்குங்கள்: ரெப்ரோபுஸ், கானான் தேசத்து ராட்சதன். கதையின் முதல் பாதியில் நான் 'அவன்' என்றுதான் சொல்லுவேன். 'அவர்' பிறகு வரும். உலகத்திலேயே பெரிய ராசா யாரோ அவரிடம்தான் வேலை செய்வேன் என்று கிளம்புகிறான். ஒரு ராசா கிடைக்கிறார். ஆனால் பாட்டுக்காரன் பசாசின் பெயரைச் சொன்னபோதெல்லாம் ராசா சிலுவை அடையாளம் போடுகிறார். 'ஓ, பசாசு உன்னைவிடப் பெரியவனோ?' என்று கேட்டுவிட்டுப் பசாசைத் தேடிப் போகிறான்.

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பலர் இந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். பசாசு படையோடு போகும்போது வழியோரம் ஒரு சிலுவை நிற்கிறது. அதைக் கண்டதும் நல்ல பாதையை விட்டுக் கல்லும் முள்ளுமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. 'நீயும் பயந்தவன்தானா?' பிள்ளைகள் சிரிக்கும் இடம் இதுதான். இந்தத் தேடல் இல்லாமல் ஆற்றங்கரைக்கு வந்தால் வெறும் ஓடக்காரன் கதையாகிவிடும்.

எசன் நகரம் தாண்டும்போது கதையில் துறவி வரவேண்டும். கிறிஸ்துவுக்கு வேலை செய்வது எப்படி என்று ராட்சதன் கேட்கிறான். 'ஒருசந்தி பிடி' என்கிறார் துறவி. 'என்னால் பசி தாங்க ஏலாது.' 'அப்படியென்றால் நிறையச் செபம் சொல்.' 'எனக்கு அது தெரியாது.' இதை மெதுவாகச் சொல்லுங்கள். செபமாலை சொல்ல உட்காரவைத்தால் நெளிகிற என் மூத்த பேரன், இந்த இடத்தில்தான் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினான். துறவி கோபப்படவில்லை. 'நீ உயரமானவன், பலசாலி. அந்த ஆற்றில் நிறையப் பேர் அள்ளுண்டு போகிறார்கள். அவர்களைத் தூக்கிக் கரை சேர்த்துவிடு' என்கிறார். அவனால் செய்யக்கூடியது எதுவோ அதையே கேட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்தத் துறவிதான்.

ஓபர்ஹவுசன் வந்தால் ராட்சதன் ஆற்றோரம் குடிசை போட்டு, ஊன்றுகோலாக ஒரு மரத்தைப் பிடித்திருக்க வேண்டும். இரவு ஒரு பிள்ளையின் குரல் கூப்பிடுகிறது. வெளியே வந்தால் யாரும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை ஒரு சின்னப் பையன் நிற்கிறான். குரலைச் சின்னவளிடம் கொடுங்கள், மூன்று தடவையும் அவளே கூப்பிடட்டும்.

டூயிஸ்பூர்க் கடந்து 42ஆம் இலக்க ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பாலம் தெரியும். அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே பாலம் கண்ணில் பட்டதும் அவனைத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஏறுகிறது, பையன் ஈயம் போலக் கனக்கிறான். நேற்றைய புத்தகப் பையை நினைவுபடுத்துங்கள். அக்கரை சேர்ந்து, 'உலகத்தையே தூக்கியது போல இருந்ததடா தம்பி' என்று அவன் மூச்சுவாங்க, 'உலகத்தை மட்டுமல்ல, அதைப் படைத்தவரையும் சுமந்தாய்' என்கிறார் பையன். அந்த நொடியிலிருந்து 'அவர்' என்று சொல்லுங்கள். கிறிஸ்தோபர் என்றால் கிரேக்கத்தில் கிறிஸ்துவைச் சுமப்பவர். நடுவிலாள் ஒருமுறை கேட்டாள்: 'அம்மம்மா, ஏன் இப்போ மரியாதை?' அதைவிட வேறென்ன வேண்டும்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால், குடிசைக்குப் பக்கத்தில் நட்ட ஊன்றுகோல் மறுநாள் துளிர்த்துப் பேரீச்சம்பழம் காய்த்ததோடு நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு, லீசியா நாட்டில் அவர் விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சியத்தையும் சொல்லலாம்: எய்த அம்புகள் அந்தரத்தில் நிற்கின்றன, ஒன்று திரும்பிவந்து அந்நாட்டு அரசனின் கண்ணில் தைக்கிறது. தலை வெட்டுண்டு இறந்த புனிதரின் இரத்தத்தாலேயே அந்தக் கண் குணமாகிறது.

'உண்மையா?' என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். 5ஆம் நூற்றாண்டிலேயே சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில், அவர் பெயரில் கோயில் இருந்தது. ஆற்றுக் கதை பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவில் வளர்ந்தது. கீழைத் திருச்சபையின் சில பழைய படங்களில் அவருக்கு நாய்த் தலை இருக்கும். இதை மூத்தவனுக்கு மட்டும் சொன்னேன், இரண்டு நாள் அதே பேச்சு.

'அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாமே' என்று பெரியவர்களே சொல்வதுண்டு. பிழை. 1969இல் திருச்சபையின் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய நாளை அந்தந்த இடத்து நாட்காட்டிகளுக்கு விட்டார்கள், அவ்வளவுதான். புனிதர்களின் பெயர்களை நாள்வாரியாகச் சொல்லும் மறைசாட்சியர் ஏட்டில் ஜூலை 25இல் இன்றும் இருக்கிறார். ஜெர்மனியில் ஜூலை 24, ஸ்பெயினில் ஜூலை 10, கீழைத் திருச்சபையில் மே 9.

கொலோன் பக்கம் போனால் பேராலயத்துக்குள் கூட்டிப்போங்கள். சுமார் 1470இல் செய்த பெரிய கிறிஸ்தோபர் சிலை தூணோடு உயரத்தில் நிற்கிறது. ஐரோப்பாவின் பழைய கோயில்களில் அவரை வாசலுக்கு நேரெதிரே, சுவர் நிறைய வரைந்தது சும்மா இல்லை. காலையில் அவர் முகத்தைப் பார்த்தால் அன்று கெட்ட சாவு வராது என்று நம்பினார்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும், சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலும் இல்லாமல் வழியில் சாவதுதான் அவர்களுடைய பெரிய பயம். நன்மரணத்துக்காக மன்றாடி வளர்ந்த எனக்கு அந்தப் பயம் புரிகிறது. 1423 என்று ஆண்டு பொறித்த ஒரு மர அச்சுப் படம் இன்று மான்செஸ்டரில் இருக்கிறது, அதன் அடியிலும் இந்த நம்பிக்கைதான் லத்தீனில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட ஹெலிகொப்டர் பிடிக்கும்: ஜெர்மனியில் உயிர்காக்கப் பறக்கும் ஹெலிகொப்டர்களுக்கு 'கிறிஸ்டோப்' என்றுதான் பெயர், பின்னால் ஓர் எண் அல்லது இடப்பெயர்.

காரில் அவர் பதக்கம் ஒட்டுவதானால் கோயில் சுவாமியாரிடம் கொடுத்து ஆசீர்வதித்து ஒட்டுங்கள். ஒரு மார்கழியில் நிறுத்தியிருந்த எங்கள் காரை யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். 'கிறிஸ்தோபர் நித்திரையா?' என்று சின்னவள் அழுதாள். தலை வெட்டுண்ட கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். அவருக்கே வலித்தது என்று கேட்டபிறகு பதக்கத்தைத் துடைத்துவைத்தாள்.

கடைசியாக ஓர் ஆஸ்திரிய வழக்கம். ஜூலையில் கிறிஸ்தோபர் ஞாயிறன்று, விபத்தில்லாமல் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சதத்தின் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். மீவா என்ற அமைப்பு அந்தப் பணத்தில் ஏழை நாட்டு மிஷன்களுக்கு வாகனம் வாங்கிக் கொடுக்கிறது. நாங்களும் வீட்டில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். 10,000 கிலோமீட்டருக்கு 10 யூரோ. மீற்றரைப் பார்த்து எழுதுவது நடுவிலாளின் வேலை. இடிபட்ட வருடம் கணக்கு எப்படி என்று கேட்டாள். கார் நின்றுகொண்டிருந்தபோதுதானே இடித்தார்கள், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் விபத்தில்லாததுதான் என்று அவளே தீர்த்து, 14 யூரோவும் எண்ணி வைத்தாள்.