வடிகானிலிருந்து தொடங்குங்கள்: தொழிற்சாலையின் சுற்றாடல் பொறுப்பைப் புதிதாக ஏற்பவருக்கு

கொழும்பிலும் அதை அண்டியும் உள்ள கிராண்ட்பாஸ், பேலியகொடை, வத்தளை, இரத்மலானைப் பக்கத்துச் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளில் சுற்றாடல் வேலைக்கென்று தனியாக ஆள் இருப்பது அரிது. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவரிடமோ கணக்குப் பிரிவில் இருப்பவரிடமோ ஒரு ஃபைலைக் கொடுத்து, "இதையும் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஃபைல் கைக்கு வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: உரிமத்தின் பின்பக்கங்களை வாசியுங்கள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதற்கு 1988இல் வந்த திருத்தமும்தான் அடிப்படை. வர்த்தமானியில் குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவை வெளியே விட முடியாது. தொழிற்சாலைகளில் எல்லோரும் இதை ஈபிஎல் என்றுதான் சொல்வார்கள். மாசு அதிகம் தரக்கூடிய தொழில்களுக்கு பத்தரமுல்லையில் தலைமையகம் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை இதை வழங்குகிறது. தாக்கம் குறைந்த தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையும், பியகம, கட்டுநாயக்க போன்ற ஏற்றுமதி வலயங்களுக்குள் முதலீட்டுச் சபையும் வழங்குகின்றன.

பல இடங்களில் உரிமத்தின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதோடு வந்த நிபந்தனைகள். அவற்றை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதி, எதிரே யார் பொறுப்பு, எப்போது செய்ய வேண்டும், செய்ததற்கு என்ன சான்று என்று மூன்று நிரல்கள் போடுங்கள். சான்று நிரல் காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் முதல் மாத வேலை.

படி 2: மழை பெய்யும்போது வளாகத்தைச் சுற்றி நடங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். வெயில் நேரத்தில் எல்லாத் தொழிற்சாலையும் சுத்தமாகத்தான் தெரியும். கொழும்பில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால், உண்மையில் எது எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

குடையை எடுத்துக்கொண்டு கூரைத் தண்ணீர் இறங்கும் இடத்திலிருந்து புறப்படுங்கள். மழைநீர் வடிகான் எந்த வழியாகப் போகிறது, ஜெனரேட்டர் அறை, இரசாயனக் களஞ்சியம், லொறி நிற்கும் இடம் ஆகியவற்றில் எவற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது, மதிலைத் தாண்டி எங்கே விழுகிறது என்று பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எங்காவது மழைநீர்க் கானோடு சேர்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய கட்டடங்களில் வரைபடத்தில் இல்லாத இணைப்புகள் இருக்கும். பராமரிப்புப் பிரிவில் நீண்டகாலம் வேலை செய்தவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விடயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வடிகானுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2015 ஆகஸ்டில் பியகமவில் ஓர் ஆலையின் டீசல் கசிந்து களனி ஆற்றில் கலந்தது. கொழும்புக்கான குடிநீரை அம்பத்தலையில் எடுப்பது அதே ஆற்றில்தான். நகரத்தின் பல பகுதிகளில் குழாய் நீர் தடைப்பட்டது. ஒரு வளாகத்துக்குள் நடந்த கசிவுக்காக, அந்த ஆலை எங்கே இருக்கிறது என்றே தெரியாத குடும்பங்கள் தண்ணீருக்கு அலைந்தன.

படி 3: மூன்று நிலைகளிலும் யோசித்து இடர்ப் பதிவேடு எழுதுங்கள்

பார்த்ததையெல்லாம் ஓர் அட்டவணையாக்குங்கள். வேலை, அதிலிருந்து என்ன வெளியேறலாம், அது எதைப் பாதிக்கும் என்று எழுதி, நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்பின் கடுமைக்கு 1 முதல் 5 புள்ளி கொடுத்துப் பெருக்குங்கள்.

ஒவ்வொரு வேலையையும் வழமையான நாள், வழமை மாறிய நாள், அவசர நிலை என்று தனித்தனியே பாருங்கள். உதாரணமாக, ஜெனரேட்டரின் டீசல் தாங்கி வழமையான நாளில் சும்மா நிற்கும். புள்ளி 3 அல்லது 4 வரலாம். எரிபொருள் பௌசர் வந்து நிரப்பும்போது ஹோஸ் கழன்றால்? நிரப்புகிறவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கத் தாங்கி வழிந்தால்? பக்கத்திலேயே திறந்த கான் இருந்தால் கடுமை 5. வாய்ப்பு 3 என்றாலும் பெருக்கினால் 15. சும்மா நின்ற தாங்கி பட்டியலின் மேலே வந்துவிடும்.

புள்ளிகளை மேசையில் தனியாக இருந்து போடாதீர்கள். இயந்திரத்தோடு நிற்பவரிடம் கேட்டுப் போடுங்கள்.

படி 4: செலவு குறைந்த தடுப்புகளை உடனே செய்யுங்கள்

டீசல், இரசாயனத் தாங்கிகளைச் சுற்றிக் கசியாத தடுப்புச் சுவர் வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய தாங்கியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. 1,000 லீற்றர் தாங்கிக்கு 1,100 லீற்றர். மேலே கூரை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழையில் அந்த இடம் நிரம்பிவிடும். தண்ணீரை வெளியேற்ற வால்வு வைத்தால் அது எப்போதும் மூடியிருக்க வேண்டும். மரத்தூள் அல்லது மணல் வாளிகளைத் தாங்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஸ்டோருக்குள் பூட்டி வைத்தால் இரவில் யாருக்கும் பயன்படாது.

படி 5: அளந்து பாருங்கள்

2008இன் 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி, உள்நாட்டு நீர்நிலைகளில் கழிவுநீரை விடுவதற்கான பொது எல்லைகளைத் தருகிறது. ஒரு லீற்றரில் பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஒட்சிசன்) 30 மில்லிகிராம், சிஓடி (இரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) 250, நீரில் கரையாமல் தொங்கி நிற்கும் திண்மம் 50, எண்ணெயும் கிறீஸும் 10, பிஎச் (அமில, கார அளவு) 6.0 முதல் 8.5. இறப்பர், துணி, தோல் பதனிடும் தொழில்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. திருத்தங்கள் வரக்கூடும் என்பதால் உங்கள் உரிமத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைகளையே கடைசியாகப் பின்பற்றுங்கள்.

மாதிரியைத் தொழிற்சாலை முழு உற்பத்தியில் இருக்கும் நாளில் எடுங்கள். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலை எடுத்தால் அறிக்கை அழகாக வரும், ஆனால் உங்கள் சுத்திகரிப்புத் தொகுதி வேலை செய்கிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். சுத்தத் தண்ணீர் கலந்து அறிக்கையில் வரும் எண்களைக் குறைப்பதும் அப்படித்தான். ஆற்றுக்குப் போகும் மாசின் அளவு அதனால் ஒரு கிராமும் குறையாது.

சத்தத்துக்கு 1996ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. மாநகர, நகர சபைப் பகுதிகளில் வளாக எல்லையில் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் ஷிஃப்ட் ஓடும் இடங்களில் இதைக் கவனியுங்கள்.

படி 6: ஆபத்தான கழிவு யார் கைக்குப் போகிறது?

பாவித்த எண்ணெய், பெயின்ட் கசடு, டியூப் பல்புகள், இரசாயனம் இருந்த பரல்கள் எல்லாம் சாதாரணக் குப்பையில் சேரக் கூடாது. இவற்றைக் கையாளத் தனி உரிமம் தேவை. எடுத்துச் செல்பவரின் உரிமப் பிரதியும் ஒவ்வொரு தடவைக்கான பற்றுச்சீட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். வெற்றுப் பரல்களைப் பழைய சாமான்காரருக்கு விற்பதை இன்றே நிறுத்துங்கள். அவற்றில் யாரோ ஒருவர் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடும்.

படி 7: நாட்காட்டியும் தொலைபேசிப் பட்டியலும்

உரிமம் முடியும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். ஆய்வுகூட அறிக்கைகள் கைக்கு வர நாளாகும்.

அப்புறம், கசிவு நடந்தால் யாரை அழைப்பது என்று வாயிற்காவலர் அறையில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, நீர் வழங்கல் சபை 1939, உரிமம் தந்த அலுவலகத்தின் எண், உங்கள் சொந்த எண். இரவு ஷிஃப்டில் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை நடத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரை டீசல் என்று நினைத்துக் கொட்டச் சொல்லி, கானின் வாயை அடைக்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த ஒத்திகையை ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை செய்யும் நாளில் வையுங்கள்.