பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் தொங்குகிறது: விஎக்ஸ்லான் எம்டியூ

இரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கு நடுவே விஎக்ஸ்லான் (ஈதர்நெட் பொட்டலத்தை யூடிபி பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும் சுரங்கம்) இடைமுகம் போட்டு, இரு பக்கமும் பிரிட்ஜில் (மென்பொருள் ஸ்விட்ச்) சேர்த்தாயிற்று. பிங் உடனே பதில் தந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மட்டும் சாவிப் பரிமாற்றத்தில் அப்படியே நின்றது. சிறிய பொட்டலம் போய், பெரியது போகாவிட்டால் முதலில் எம்டியூவைத்தான், அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவைத்தான், சந்தேகிக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, துண்டாக்கத் தடை போட்டு பிங் அனுப்பினேன். 1422 பைட்டுக்குப் பதில் வந்தது, 1423க்கு வரவில்லை. அந்த ஒரு பைட்தான் சாட்சி. 1422உடன் ஐபி, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தலைப்புகளின் 28 சேர்ந்தால் 1450. அதன் மேல் விஎக்ஸ்லான் ஏற்றுவது 50: உள் ஈதர்நெட் 14, விஎக்ஸ்லான் 8, யூடிபி 8, வெளி ஐபி 20. மொத்தம் 1500, அடியிலுள்ள நெட்வொர்க்கின் எம்டியூ. (வெளியே ஐபிவி6 என்றால் 70 கழியும்.)

காரணம், இடைமுகத்தை உருவாக்கும்போது அடியிலுள்ள நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுக்காமல் விட்டது. கொடுத்திருந்தால் லினக்ஸின் மையமான கர்னலே 50 கழித்திருக்கும். கொடுக்காததால் 1500 என்றே வைத்துக்கொண்டது. வெளிப் பொட்டலம் துண்டானது, வழியில் ஃபயர்வால் துண்டுகளை வீசியது.

விஎக்ஸ்லானுக்கு 1450 வைத்தேன். அதோடு முடியாது: பிரிட்ஜில் செருகிய ஒவ்வொரு வீத் (கன்டெய்னரை பிரிட்ஜுடன் இணைக்கும் மெய்நிகர் கேபிள்) இணையின் இரு முனைக்கும், கன்டெய்னருக்குள் இருப்பது உட்பட, 1450 வைக்க வேண்டும். பிரிட்ஜ் வேலை செய்வது இரண்டாம் அடுக்கில், அதாவது ஐபிக்குக் கீழே ஈதர்நெட் அளவில். பெரிய பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கைவிடும், அனுப்பியவருக்குச் சொல்லாது. கட்டளையில் மாற்றியது ரீபூட்டில் போய்விடும் என்பதால் நெட்வொர்க் கோப்பிலும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று: விஎக்ஸ்லானின் யூடிபி போர்ட்டை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கர்னலின் இயல்புநிலை 8472, தரநிலைப்படி 4789.