ஊர் சுற்றக் கிளம்பும் முன் குழாயை மூடுங்கள்

ஏரிக்கரைப் பூங்காவில் ஆர்.வி. வண்டியை (உள்ளேயே சமைத்துத் தங்கும் வசதியுள்ள பயண வண்டியை) நிறுத்திவிட்டுப் படகு சவாரிக்கோ பக்கத்து ஊரைப் பார்க்கவோ கிளம்பும்போது, வெளியே வண்டிக்கு ஹோஸ் மாட்டியிருக்கும் பூங்காவின் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடிவிடுங்கள். அப்புறம் உள்ளே சிங்க் குழாயை ஒரு நொடி திறந்து மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள். பத்து விநாடி வேலைதான்.

வண்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்கள். சாலையில் குலுங்கிக் குலுங்கி இணைப்புகள் தளரும். பூங்காவின் குழாயோ ராப்பகலாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சிங்க்குக்கு அடியில் ஓர் இணைப்பு கழன்றால், நீங்கள் உள்ளே இருந்தால் சத்தம் கேட்டு ஓடிப்போய் மூடலாம். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தால்? திரும்புவதற்குள் தரைப்பலகை ஊறி உப்பிவிடும். அதை மாற்றுவது லேசான செலவில்லை. ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறேனே என்பீர்கள். சரி, அது அழுத்தத்தைக் குறைக்கும். கழன்ற இணைப்பில் கொட்டுகிற தண்ணீரை நிறுத்தாது.

வண்டியின் சொந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பவர்களுக்கு இது தேவையில்லை. பம்ப் சுவிட்சை அணைத்தால் போதும். யாராவது வண்டியிலேயே தங்குகிறார்கள் என்றால், வெளிக்குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்.