ஆவாரம்பூ டீ: முதல் முறை போடுபவர்களுக்கு

கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் சேரும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பூவில் டீ போட்டுக் குடித்தவர்கள் குறைவு. இலங்கையில் இதை ரணவரா என்ற பெயரில் இன்றும் விரும்பிக் குடிக்கிறார்கள்.

பூவைச் சாலையோரம் பறிக்காதீர்கள், புகையும் தூசியும் படிந்திருக்கும். பூச்சிமருந்து அடிக்காத தரிசு நிலத்தில் காலையில் பறித்து, அலசி, நிழலில் மட்டும் காய வையுங்கள். கையில் எடுத்தால் சருகு போல நொறுங்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஒரு டீஸ்பூன் காய்ந்த பூ, தட்டிய சுக்கு ஒரு சிட்டிகை போட்டு, சிறு தீயில் 5 நிமிடம் விட்டு வடிகட்டினால் போதும். அதிகம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும். பாலே வேண்டாம். எனக்குப் பனங்கற்கண்டு கொஞ்சம் போட்டால்தான் பிடிக்கிறது.

முதலில் அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்புறம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் பொடியை விட முழுப் பூவாகவே வாங்குங்கள். கலப்படம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.