கொரிய நாவல்களுக்கு வரைபடம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதியவர்கள் பலர் வந்தார்கள். கதை நடக்கும் இடங்களைத் தாளில் வரைந்துகொண்டே வாசிப்பது எங்கள் வழக்கம். தொடக்கத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். ஊர்ப் பெயர்கள் குழம்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாலு அத்தியாயத்தில் அது தானாகச் சரியாகிவிடும். நான் சொல்லவருவது தானாகச் சரியாகாத தவறுகளை.

இன்றைய சியோலை அன்றைய கதையின்மேல் விரிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கொரியப் போர்க்காலக் கதை ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தோம். 1950 ஜூனில் வட கொரியப் படை சியோலுக்குள் நுழைகிறது. அந்தக் குடும்பம் நகரிலேயே தங்கிவிடுகிறது. புதிதாக வந்த நண்பர் ஒருவர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். “ஹான் ஆற்றின்மேல் இத்தனை பாலங்கள் இருக்கின்றன. போக மனமிருந்தால் போயிருப்பார்கள். விரும்பித்தான் தங்கியிருக்கிறார்கள்” என்றார்.

அன்று சாலைப் பாலங்கள் இரண்டே இரண்டு. 1917இல் கட்டிய ஹான் ஆற்றுப் பாலத்தை ஜூன் 28 விடியுமுன் தென் கொரிய ராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. குடியரசுத் தலைவர் முதல்நாளே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். வானொலியோ மக்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பி வீட்டில் இருந்தவர்கள் ஆற்றுக்கு வடக்கே அகப்பட்டுக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து நகரம் மீட்கப்பட்டதும், ஆற்றைக் கடந்து தப்பியவர்கள் திரும்பிவந்து, தங்கியவர்களை எதிரிக்குத் துணைபோனவர்கள் என்று சந்தேகித்தார்கள். அந்தத் தலைமுறை எழுத்தாளர்களின் கதைகளில் தீராமல் கிடக்கும் காயம் இதுதான். நம் நண்பர் தவறான வரைபடத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சந்தேகக்காரர்களின் பக்கமே போய் நின்றுவிட்டார். தவறு தூரக் கணக்கோடு நிற்கவில்லை, மனிதர்களைப் பற்றிய தீர்ப்புவரை போய்விட்டது.

ஆகவே தாளின் தலைப்பில் முதலில் கதை நடக்கும் ஆண்டை எழுதுங்கள். அடுத்து ஆறு, மலைகள், பழைய நகரின் வாயில்கள். மற்றவை ஆண்டைப் பொறுத்தவை. 1974க்கு முன் சுரங்க ரயில் கிடையாது. 1968 வரை டிராம் ஓடியது. ஆற்றுக்குத் தெற்கே உள்ள கங்னம் பகுதி 1963இல்தான் சியோலோடு சேர்ந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் அங்கே வயலும் தோட்டமுமே அதிகம். நகர நடுவே ஓடும் சொங்கேசொன் ஓடையோ இன்னும் சிக்கலானது: 1930களின் கதையில் பெண்கள் அதில் துணி துவைப்பார்கள், 1970களின் கதையில் அது சாலைக்கு அடியில் மறைந்திருக்கும், 2005க்குப் பிந்தைய கதையில் கரையோரம் உலாவுவார்கள். ஒரே ஓடையை மூன்று விதமாக வரைய வேண்டியிருக்கிறது.

மேட்டு வீடு என்றால் பணக்கார வீடு என்று எண்ணுவது

சியோலில் பெரும்பாலும் நேர்மாறு. போருக்குப் பின் வந்து குவிந்த ஏழைகள் மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். மேலே போகப் போக வாடகை குறையும், தண்ணீர் சுமக்கும் பாடு கூடும். ஒரு பாத்திரம் எத்தனை படி ஏறி வீடு சேர்கிறது என்று கதையில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வருமானம் என்ன என்று ஆசிரியர் வேறெங்கும் சொல்லாமல் போகலாம்.

‘லி’யை மைல் ஆக்குவது

லி என்பது பழைய தூர அளவு. கொரிய லி ஏறத்தாழ 400 மீட்டர். பத்து லி நடந்தால் நான்கு கிலோமீட்டர்.

இல்லாத ஊரைத் தேடுவது

கிம் சுங்-ஓக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற சிறுகதையில் வரும் முஜின் என்ற ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் வளர்ந்த சுன்சொன் கடற்கரையின் சாயல் அதில் உண்டு. அதற்காகச் சுன்சொன் தெருக்களை முஜினுக்குள் கொண்டுவந்து பொருத்தாதீர்கள். மூடுபனி, உப்பங்காற்று, பஸ் வந்துபோகும் ஒரு சாலை: கதை தருவதை மட்டும் வரையுங்கள்.

நாவலுக்குப் பின் எழுந்த வீட்டைச் சான்றாகக் கொள்வது

பார்க் க்யோங்-நியின் பெருநாவல் ‘தோஜி’ ஹாதோங் வட்டாரத்துப் ப்யொங்சாரி கிராமத்தில் தொடங்குகிறது. இன்று அங்கே போனால் நாவலில் வரும் சோய் குடும்பத்தின் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். அந்த வீடு நாவலைப் படித்துவிட்டுக் கட்டியது. அதன் அறைகளை அளந்து வந்து நாவலோடு ஒப்பிட்டு, ஆசிரியர் தவறிவிட்டார் என்று வாதிட்டவரையும் பார்த்திருக்கிறேன். சொம்ஜின் ஆறும் அதையொட்டிய வயல்வெளியும் நாவலுக்கு மூத்தவை. தாளில் அவற்றை முதலில் குறியுங்கள். வீட்டின் அறைகளை நாவலின் வரிகளிலிருந்தே வரையுங்கள்.