சிறுநீர்க் கசிவுக்கு மாத்திரை: மெடிக்கலுக்குப் போகும் முன்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டில் வளவில் படுத்திருக்கும் ஆச்சிக்கு, கழிப்பறை வீட்டின் கடைசிப் பகுதியையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும். நிலைப்படி ஒவ்வொன்றாய்த் தாண்டுவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. அதற்காக, “அடக்குற மாத்திரை குடுங்க” என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிவராதீர்கள். கசிவு எந்த வகை என்று முதலில் தெரியவேண்டும்.

இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சொட்டுகிறதா? இந்த மாத்திரைகள் அதற்குக் கேட்காது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி விடும் பயிற்சிதான் முதல் வழி: வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, 3 மாதம்.

திடீரென முட்டிக்கொண்டு வந்து, எழுந்து போவதற்குள் கசிந்தால்தான் மாத்திரைக்கு வேலை.

எந்நேரமும் சொட்டி, போய்வந்த பிறகும் தீராததுபோல் இருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இதற்குக் காரணமாகலாம். இவர்களுக்கு அடக்கும் மாத்திரை கொடுத்தால் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்ளலாம். கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை முதலில்.

டாக்டரிடம் போகையில் 3 நாள் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குப் போனார், எப்போது கசிந்தது, எவ்வளவு குடித்தார். வீட்டிலுள்ள மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசமைடும், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசினுமே சிறுநீரைக் கூட்டும். சில சமயம் வேளையை மாற்றினாலே போதும். அதை டாக்டர்தான் மாற்றவேண்டும்.

அடக்கும் மாத்திரைகளில் ஆக்ஸிபியூட்டினின் மூளையை எட்டும். வயதானவர்களுக்குக் குழப்பமும் மறதியும் தரலாம். 70 தாண்டியவருக்கு அதை எழுதினால் வேறு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். சோலிஃபெனசின் வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கும், வாய் உலரும், மலச்சிக்கல் வரும். குறுங்கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் இரண்டுமே ஆகாது. சளிக்கான குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் இவற்றோடு சேர்ந்தால் பக்கவிளைவு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது. வாய் உலர்வது குறைவு. ஆனால் பி.பி. ஏறலாம். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110, இல்லை அதற்குமேல் இருந்தால் கொடுக்கக்கூடாது. சிறுநீரகக் கோளாறு கடுமையாக இருந்தால் மாத்திரை அளவைக் குறைப்பார்கள். பொடித்துத் தராமல் முழுதாய் விழுங்கவையுங்கள்.

சிறுநீர் வராமல் அடிவயிறு கல்லாகிப்போனாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, அடுத்த வேளை இந்த அடக்கும் மாத்திரை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கட்டிலருகே கமோடு நாற்காலியும் இரவு விளக்கும் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும்.