எடைமேடையில் மாட்டிக்கொள்ளாமல் போர்ஷே 944-ஐ இளைக்க வைப்பது

1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944, எஞ்சின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின்னாலும் இருப்பதால் இரண்டு அச்சுகளிலும் ஏறத்தாழச் சமமாக எடை தாங்கும் கார். அமெரிக்காவில் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் (சுருக்கமாக நாசா, விண்வெளிக்காரர்கள் அல்லர்) நடத்தும் ‘944 ஸ்பெக்’ என்ற, எல்லாக் கார்களும் ஒரே விதிப்படி அமைய வேண்டிய பந்தயப் பிரிவில் 2.5 லிட்டர், எட்டு வால்வு எஞ்சின் கொண்ட கார்கள் ஓடுகின்றன. அங்கே ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை 2,600 பவுண்டு, அதாவது சுமார் 1,179 கிலோ. ஐரோப்பிய மாடலின் அட்டவணை எடையே ஆள் இல்லாமல் 1,180 கிலோ. தடித்த பம்பரும் ஏசியும் சுமந்த அமெரிக்க மாடல் அதையும் தாண்டும். ஆகவே அந்த வரம்பைத் தொட, ஓட்டுநரின் எடை முழுவதையும் காரிலிருந்தே கழித்தாக வேண்டும். அதற்கு மேல், கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல்கேஜ் வருகிறது. ஒன்றரை அங்குல விட்டமும் 0.095 அங்குலச் சுவரும் கொண்ட எஃகுக் குழாய் மீட்டருக்கு 2.1 கிலோ இருக்கும். 30 மீட்டர் குழாய் போனால் 63 கிலோ கூடிவிடும். குழாயின் விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் காரின் எடையைப் பார்த்து விதிப்புத்தகமே நிர்ணயிக்கிறது என்பதால், அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது சட்டத்துக்கும் உயிருக்கும் சேர்த்து விரோதமானது.

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த ஆண்டுக்குரிய விதிகளை முழுவதும் படியுங்கள். இத்தகைய பிரிவுகளில், செய்யலாம் என்று எழுதப்படாத எதையும் செய்யக் கூடாது என்பதே அடிப்படை. ‘தடுக்கவில்லையே’ என்ற வாதம் சோதனைக் கொட்டகையில் செல்லாது. அனுமதியோடு சேர்ந்து வரும் நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பிரிவுகள் பலவற்றில், ரோல்கேஜின் பக்கக் கம்பிகள் கதவுக்குள் புகுந்து நின்றால்தான் கதவின் உள்தகட்டை வெட்டவும், கண்ணாடியையும் அதை ஏற்றி இறக்கும் பொறியையும் கழற்றவும் இடமுண்டு. கம்பியை நேராக வைத்துவிட்டுக் கதவை மட்டும் குடைந்தவர், அதே வேலையைச் சரியாகச் செய்தவரைப் போலவே உழைத்திருந்தும் தகுதி இழப்பார்.

வேலையின் முதல் நாள், கழற்றாத காரை நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தட்டு உள்ள தராசில் நிறுத்தி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கழற்றும் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, அது காரில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருந்தது என்பதோடு நோட்டில் எழுதுங்கள். இது வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் கடைசியில் எடையைத் திரும்ப ஏற்றும்போது அந்த நோட்டு இல்லாமல் கை ஓடாது.

பின்சீட்டு, தரைவிரிப்பு, ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பீக்கர்கள், பின்கண்ணாடி வைப்பர், அதன் மோட்டார் ஆகியவை பெரும்பாலும் கேள்வியின்றிப் போகலாம். ஸ்டியரிங் பூட்டை நீக்குவது எடைக்காக அன்று, பாதுகாப்புக்காகக் கட்டாயம். ஏசியில் மட்டும் நிதானம் வேண்டும்: பழைய 944-களில் குளிரூட்டுவதற்கு இருந்தது ஆர்-12 வாயு, அதைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம் என்பதால், உரிய சான்று பெற்ற பணிமனையில் வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகே கம்ப்ரசரையும் குழாய்களையும் தொட வேண்டும். 1987 முதல் வந்த சில கார்களில் காற்றுப்பை இருக்கும். அது ஒரு சிறு வெடிமருந்துப் பொட்டலம். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் வரிசைப்படி, பேட்டரியைத் துண்டித்துப் போதிய நேரம் காத்திருந்து கழற்றுங்கள். எண் பலகையோடு சாலையில் ஓடும் காருக்கு இவை எதுவும் பொருந்தாது.

அடுத்தது தார் ஷீட். ஓசையை அடக்குவதற்காகத் தரையிலும், நடுச்சுரங்கத்திலும், பின்சீட்டுக் குழியிலும் ஒட்டிய இந்தப் படலம், கையில் எடுத்துப் பார்க்கும் வரை எவ்வளவு கனம் என்று நம்ப முடியாத பொருள். சூடு காட்டி உளியால் வழித்தால் பிசினாக இழுபடும். அரை நாளில் அரைச் சதுர அடி முடிந்தால் அதிகம். உலர்பனியே சரியான வழி. மைனஸ் 78 டிகிரியில் உள்ள இந்தக் கட்டிகளை நொறுக்கி, தார் மீது ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். தகடும் தாரும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பிடிப்பு விட்டுப்போய், ‘டப்’ என்று விரிசல் விடும் ஓசை கேட்கும். அப்போது கட்டிகளை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினால் தார் வறுத்த அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வரும். தகடு மீண்டும் சூடேறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் சிறுசிறு பகுதியாகச் செய்யுங்கள். உலர்பனியிலிருந்து வெளிப்படுவது கரியமில வாயு. அது தாழ்ந்து தேங்கும். ஆகவே நான்கு பக்கமும் திறந்த இடத்தில், கதவுகளை விரியத் திறந்துவைத்து, தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள். தார் போனதும் பேட்டரித் தட்டுக்குக் கீழே நன்றாகப் பாருங்கள்: 944-இன் அந்த மூலை துருப்பிடித்து, நீர் உள்ளே கசிந்து எஞ்சின் கணினியை நனைப்பது நெடுநாள் வியாதி.

எவ்வளவு எடை போயிற்று என்பதைவிட எங்கிருந்து போயிற்று என்பதே பெரிது என்பது என் கருத்து, அதற்குக் கூரையே சான்று. 944-இன் சன்ரூஃப் பலகை, சட்டம், கம்பிகள், மோட்டார் ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கூரையைத் தகட்டால் மூட உங்கள் விதிகள் இடமளித்தால், தயங்காமல் செய்யுங்கள். தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்த 10 கிலோவை எடுத்து, அதே 10 கிலோவைக் கால்மீட்டர் உயரத்தில் இரும்பாக வைத்தால், 1,180 கிலோ காரின் ஈர்ப்பு மையம் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். எடைமேடையில் ஒரு கிராமும் மாறவில்லை; வளைவில் கார் சாய்வது குறைந்துவிட்டது. பம்பருக்குப் பின்னுள்ள மோதல் தாங்கிகள் போன்ற ஓரத்து எடைக்கும் இதே கணக்குதான், அங்கே லாபம் திரும்பும் சுறுசுறுப்பில் தெரியும்.

விலக வேண்டியவையும் உண்டு. பின்கதவின் பெரிய கண்ணாடி கனமானது. பாலிகார்பனேட்டின் அடர்த்தி கண்ணாடியில் ஏறக்குறையப் பாதிதான். ஆனாலும் விதி வெளிப்படையாகச் சொல்லாதவரை மாற்றாதீர்கள். மாறாக, அதன் ஒட்டுப்பசை விட்டுப்போகும் பழக்கம் உள்ளதால் சட்டத்தோடு பிடிப்பு உறுதியா என்று சோதியுங்கள். எஞ்சினின் சமநிலைத் தண்டுகளை எடுப்பது அற்ப லாபத்துக்குப் பெரிய அதிர்வை வாங்குவதாகும். சஸ்பென்ஷன் கைகளில் துளை போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அமிலத்தில் முக்கி உடல்தகட்டை மெலிய வைக்கும் தந்திரத்தை 1967-இல் அமெரிக்காவின் ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்துக்கு ரோஜர் பென்ஸ்கியின் குழு மார்க் டோனஹ்யூ ஓட்டிய கமேரோவில் செய்தது. இன்று செய்தால் எளிய தடிமன் அளவியே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்து கார் வரம்புக்குக் கீழே போனால் அது நல்ல செய்தி, ஏனெனில் குறையும் எடையை நீங்கள் விரும்பும் இடத்தில் ஏற்றலாம். பொதுவாக ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத் தரையே அந்த இடம். கெட்டியான உலோகத் துண்டுகளையே பயன்படுத்துங்கள். அமெரிக்க விதிகளில் ஒரு துண்டுக்கு 50 பவுண்டு என்பது வழக்கமான உச்சவரம்பு. அரை அங்குல போல்ட்டும், தானாகக் கழலாத நட்டும், தரைத்தகட்டின் அடியில் அகன்ற வாஷரும் போட்டு முடுக்குங்கள். ஓட்டுநர் முழு உடையில் உட்கார்ந்திருக்க, டேங்கில் பந்தய முடிவில் எஞ்சும் அளவு பெட்ரோலோடு எடை போடுங்கள். பந்தயம் முடிந்து வரும்போது எடுக்கும் அளவே தீர்ப்பாகும் என்பதால் இதில் கவனம் தேவை: 10 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 7.4 கிலோ போகும், டயர் தேய்மானமும் ஓட்டுநரின் வியர்வையும் தம் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். நான் வரம்புக்கு மேல் ஐந்து கிலோவாவது வைத்துக்கொள்வேன். உங்கள் தராசும் களத்தின் தராசும் ஒன்றே சொல்லும் என்றும் நம்பிவிடாதீர்கள். பயிற்சி நாளன்றே காரை அதிகாரிகளின் எடைமேடையில் ஏற்றி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு, மறுநாள் காலைக்குள் துண்டுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.